இருபத்து நான்கு புள்ளி இரண்டு

நாரின் நகரில் பனி விழுந்த மூன்றாம் நாள்
ஹீட்டரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
ஷெர்மாட் என் கடைக்கு வந்தான்.
கடை என்பது பெரிய சொல்.
சந்தையின் கடைசி வரிசையில் ஒரு கப்பல் பெட்டி.
கடலே இல்லாத நாட்டுக்கு
அது எப்படி வந்ததென்று யாரும் கேட்பதில்லை.

"புருல், இரண்டாயிரம் வாட் என்றாய்.
தகட்டிலும் இரண்டாயிரம்தான்.
பிள்ளை பிறந்து பதினோரு நாள் ஆகிறது,
சுவர் மூலையில் உறைபனி.
பாதிச் சூட்டை எங்கே ஒளித்தாய்?"

சண்டைக்கு வந்தவன்
கொடுத்த தேநீரை நின்றபடியே குடித்தான்.
மீட்டரின் இரு முனைகளை
பிளக்கின் இரு கால்களில் வைத்தேன்.
இருபத்து மூன்று புள்ளி ஒன்பது ஓம்.
குளிர்ந்த கம்பி அப்படித்தான்;
சூடேறினால் இன்னும் கொஞ்சம் முரண்டு பிடிக்கும்.
"இதில் ஒரு குறையும் இல்லை."
"அப்படியானால் ராத்திரி வீட்டுக்கு வா.
உன் மீட்டரே சொல்லட்டும்."

ஐந்தாம் மாடி. லிஃப்ட் கிடையாது.
ஜிப்பார் பிள்ளையை நெஞ்சோடு கட்டி
மேலே கணவனின் கோட்டைப் போர்த்தியிருந்தாள்.
ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது,
சிவப்பாக அல்ல, பழைய செங்கல் நிறத்தில்.

சாக்கெட்டில் முனைகளைச் செருகினேன்.
இருநூற்று இருபது இருக்கவேண்டிய இடத்தில்
நூற்று எழுபத்தாறு வோல்ட்.
பிறகு ஒயரின் மேலுறையைக் கீறி
ஒற்றைக் கம்பியை மட்டும் கவ்வியில் மாட்டினேன்
(இரண்டையும் சேர்த்துக் கவ்வினால் பூஜ்யம்:
போவதும் வருவதும் ஒன்றையொன்று மறுத்துவிடும்).
ஏழு புள்ளி இரண்டு ஏழு ஆம்பியர்.

ஹீட்டர் வந்த அட்டைப்பெட்டியின் மூடியில்
கணக்குப் போட்டேன்.
அழுத்தத்தை ஓட்டத்தால் வகுத்தால்
இருபத்து நான்கு புள்ளி இரண்டு.
தகடு சொல்லும் தடை அதுவேதான்.
வகுத்தல் என் பக்கம் நின்றது.
அதே இரண்டு எண்களைப் பெருக்கினேன்.
ஆயிரத்து இருநூற்று எண்பதுக்கு அரை வாட் குறைவு.
பெருக்கல் அவன் பக்கம் போய்விட்டது.

ஜிப்பார் மட்டும் கேட்டாள்:
"அழுத்தம் ஐந்தில் ஒரு பங்குதானே குறைந்தது,
குளிர் ஏன் இவ்வளவு?"
அழுத்தம் பத்துக்கு எட்டானால்
ஓட்டமும் பத்துக்கு எட்டாகிறது.
எட்டும் எட்டும் பெருக்கினால் அறுபத்து நான்கு.
நூற்றில் மீதி முப்பத்தாறும்
உன் மூலையில் வெள்ளையாகப் படிந்திருக்கிறது.
இதைச் சொல்லும்போது என் வாயிலிருந்து ஆவி வந்தது.

சன்னலுக்கு வெளியே எதிர்க்கட்டடம்.
மூன்றாம் மாடி இடப்பக்கம் அக்டோபரில் வாங்கியது.
அதன் மேல்வீடு கடனுக்கு.
பல் மருத்துவர் இரண்டு, ஒன்று மாமியார் அறைக்கு.
நிலக்கரி விலை ஏறிய வாரத்தில் மட்டும் பதினேழு.
நோட்டில் மொத்தம் நாற்பத்தொன்று,
எல்லாம் ஒரே டிரான்ஸ்ஃபார்மரில்
ஒரே கறுப்புக் கேபிளை உறிஞ்சிக்கொண்டு.
திருடியது யாரென்று
நானே விற்று நானே அளந்திருந்தேன்.

ஷெர்மாட் தொண்டையைச் செருமினான்.
"மூவாயிரம் வாட்டில் இருக்கிறதா? பணம் தருகிறேன்."
என் பெட்டியில் இரண்டு இருந்தன.
இல்லை என்றேன்.

என் வீடும் அதே கேபிளின் வாலில்தான்.
வந்ததும் என் ஹீட்டரை அணைத்தேன்.
தொப்பியைக் கழற்றாமல்
சாக்கெட்டில் முனைகளை வைத்துக் காத்திருந்தேன்.
எண் தள்ளாடியது.
நூற்று எழுபத்தேழு.

ஒரு வோல்ட்.
அது ஷெர்மாட் வீடுவரை முழுசாகப் போய்ச் சேர்ந்தால்
அவன் கம்பியில் பதினாலரை வாட்.
பாலாடையைக்கூட உருக்காது.
இருந்தாலும் எழுதிவைத்தேன்,
விற்ற நாற்பத்தொன்றுக்குக் கீழே,
கழித்தல் குறி போட்டு.